வீட்டு லேத்தில் நாமே கடைந்த காலெட் சக்: ஆட்டம், வழுக்கல், சிக்கல் என அறிகுறி வாரியாகச் சரிசெய்வது

இது ஸ்பிண்டில் நோஸில் (சுழலும் தண்டில் சக் மாட்டும் முனை) மரை வைத்த சிறிய, நடுத்தர லேத்களுக்கான குறிப்பு. காலெட் என்பது கம்பியைச் சுற்றிப் பிடிக்கும், பிளவுகள் உள்ள கூம்பு வளையம். அதை இறுக்கிப் பிடிக்கும் சக்தான் காலெட் சக். சக்கின் உடல் ஈஎன்8 மாதிரியான எஃகில் வீட்டில் கடைந்தது. நட்டும் காலெட்டும் வாங்கிய ஈஆர்32 (ஈஆர் என்பது காலெட் வகை, எண் அதன் அளவு). உள்ளே பக்கத்துக்கு 8 டிகிரி டேப்பர் (கூம்புச் சரிவு), வெளியே எம்40×1.5 மரை, பின்பக்கம் ஸ்பிண்டிலுக்கான உள் மரை, ரெஜிஸ்டர் (மையத்தில் நிறுத்தும் மரையில்லாத உருளைப் பகுதி), ஃபேஸ் (ஸ்பிண்டிலின் தோளில், அதாவது படியில், ஒட்டும் தட்டை முகம்). ஈஆர்25 என்றால் நட்டின் மரை எம்32×1.5, ஈஆர்40 என்றால் எம்50×1.5. அளவுகள் மாறும், பார்க்கும் முறை மாறாது.

எந்தக் கோளாறு வந்தாலும் கை முதலில் டேப்பருக்குத்தான் போகும். அதை மறுபடி கடைவதைக் கடைசிக்கு வையுங்கள். விட்டத்தில் 0.1 மி.மீ. எடுத்தால் காலெட் 0.36 மி.மீ. உள்ளே இறங்கிவிடும். பிறகு நட் உடலில் இடிக்கும், முன் முகத்தையும் சீவ வேண்டி வரும். பெரும்பாலான ஆட்டத்துக்குக் காரணம் துடைக்காத ஒரு சில்லு, சரியாக மாட்டாத காலெட், ஸ்பிண்டில் தோளில் ஒட்டாத ஃபேஸ், இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

கையில் இருக்க வேண்டியவை

0.01 மி.மீ. டயல் கேஜ், உள்ளே நுழையும் லீவர் வகை டயல் ஒன்று, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), ப்ரஷ்யன் ப்ளூ (எங்கே தொடுகிறது என்று காட்டும் நீலப் பசை), மார்க்கர் பேனா, கிரைண்ட் செய்த 12 மி.மீ. பின் ஒன்று. பின்னுக்குக் கடினப்படுத்திய டவல் (dowel) பின் போதும், கார்பைடு எண்ட் மில்லின் ஷேங்க் இன்னும் நல்லது. டிரில் பிட்டின் ஷேங்கை வைத்து அளக்காதீர்கள். சக் வழுக்கிய கோடுகள் அதில் இருக்கும், அந்தக் கோடுகளைத்தான் டயல் காட்டும்.

## அறிகுறி 1: பிடித்த கம்பி ஆடுகிறது

முதலில் காலெட்டை நட்டுக்குள் சாய்த்து அழுத்தி, "டக்" என்று வளையத்தில் உட்கார வையுங்கள். அதன் பிறகுதான் இரண்டையும் சேர்த்துச் சக்கில் ஏற்ற வேண்டும். காலெட்டை டேப்பருக்குள் போட்டு, மேலே நட்டை முறுக்கினால் அது கோணலாக அமரும், கழற்றும்போது வெளியே வரவும் வராது. இந்த ஒன்றைத் திருத்தினாலே பாதிப் பேரின் புகார் தீர்ந்துவிடும்.

அடுத்து டேப்பர், காலெட்டின் வெளிப்புறம், அதன் பிளவுகள், நட்டின் உள் கூம்பு, ஸ்பிண்டில் தோள் ஆகிய எல்லாவற்றையும் பஞ்சு நூல் ஒட்டாத துணியால் துடையுங்கள். காலெட்டின் பிளவுக்குள் ஒளிந்திருக்கும் சுருள் கண்ணுக்குத் தெரியாது. மெல்லிய அட்டையைப் பிளவில் விட்டு இழுத்தால் வரும்.

இப்போது 12 மி.மீ. பின்னைப் பிடித்து, நட்டிலிருந்து 5 மி.மீ. தள்ளி ஒரு முறையும் 50 மி.மீ. தள்ளி ஒரு முறையும் டயல் வையுங்கள். ஸ்பிண்டிலைக் கையால் சுற்றுங்கள். இரண்டு எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். எந்தக் கிளைக்குப் போவது என்பதை அவைதான் சொல்லும்.

### 1அ. இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே ஆட்டம்

அச்சு இணையாகத் தள்ளியிருக்கிறது. தள்ளியது எது என்று கண்டுபிடிக்க மூன்று புள்ளி போதும். டயல் அதிகம் காட்டும் இடத்துக்கு நேராக சக் உடலில் ஒன்று, காலெட் முகத்தில் ஒன்று, பின்னில் ஒன்று மார்க்கரால் வையுங்கள். நட்டைத் தளர்த்தி, பின்னை மட்டும் அரைச் சுற்று திருப்பி இறுக்கிப் பாருங்கள். அதிக இடம் பின்னின் புள்ளியோடு போனால் பின் சரியில்லை. போகவில்லையா, அடுத்து காலெட்டை மட்டும் அரைச் சுற்று திருப்புங்கள். காலெட்டின் புள்ளியோடு போனால் காலெட்தான் குற்றவாளி. இரண்டுக்கும் அசையாமல் சக்கின் புள்ளியிலேயே நின்றால்தான் நாம் கடைந்ததில் பிழை.

காலெட் என்று தெரிந்தால் வேறு காலெட் போட்டுப் பாருங்கள். விலை குறைந்த செட்டில் ஒன்றிரண்டு 0.03 மி.மீ. ஆடுவது புதிதல்ல. அதற்காகச் சக்கைத் திருத்த ஆரம்பித்தால் மற்ற காலெட்கள் எல்லாம் கெடும்.

சக் என்று தெரிந்தால் காலெட்டையும் நட்டையும் எடுத்துவிட்டு, லீவர் டயலை நேரடியாக டேப்பரின் வாயிலும் 25 மி.மீ. உள்ளேயும் வையுங்கள். சக்கைத் தன் ஸ்பிண்டிலிலேயே மாட்டி வைத்து டேப்பரைக் கடைசியாக முடித்திருந்தால், முள் அசையவே கூடாது. கடைந்த அன்று அசையாமல் இருந்து இன்று அசைகிறதென்றால் டேப்பரில் தவறில்லை, சக் அன்று உட்கார்ந்த மாதிரி இன்று உட்காரவில்லை. அறிகுறி 2-க்குப் போங்கள். டேப்பரை வேறு லேத்திலோ மூன்று தாடைச் சக்கில் பிடித்தோ கடைந்திருந்தால், தன் ஸ்பிண்டிலில் வைத்து மறுபடி கடைவதைத் தவிர வழியில்லை. அது அறிகுறி 3-ன் முடிவில் இருக்கிறது.

### 1ஆ. அருகே குறைவு, தள்ளிப் போகப் போக அதிகம்

அச்சு சாய்ந்திருக்கிறது. எளிய காரணத்திலிருந்து போனால்: ஃபேஸுக்கும் ஸ்பிண்டில் தோளுக்கும் நடுவே தூசி, டேப்பரின் ஒரு முனையில் மட்டும் காலெட் பிடிப்பது, நட்டின் முகம் கோணல். பின் காலெட்டுக்குள் போதுமான ஆழம் போயிருக்கிறதா என்றும் பாருங்கள். காலெட் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்காவது உள்ளே இருக்க வேண்டும், ஈஆர்32-க்கு அது ஏறத்தாழ 27 மி.மீ. அதைவிடக் குட்டையான துண்டைப் பிடித்தால் காலெட் பின்னால் சுருங்கி, முன்னால் விரிந்து கம்பியைச் சாய்த்துவிடும். குட்டைத் துண்டைத்தான் பிடித்தாக வேண்டுமென்றால், அதே விட்டத்தில் ஒரு துண்டை காலெட்டின் பின்பக்கத்தில் திணித்து வைக்கலாம்.

### 1இ. ஒவ்வொரு முறை அளக்கும்போதும் வேறு எண்

பேரிங்கைச் சந்தேகப்படும் நேரம். எல்லாவற்றையும் கழற்றி, டயலை நேராக ஸ்பிண்டிலின் ரெஜிஸ்டர் மீது வையுங்கள். சுற்றும்போது 0.01 மி.மீ.க்குள் இருந்தால் நல்லது. பிறகு ஸ்பிண்டிலின் துளையில் ஒரு மரக்கட்டையை விட்டு மேலே நெம்பிப் பாருங்கள். நெம்பும்போது முள் 0.02 மி.மீ.க்கு மேல் எழுந்து, விட்டவுடன் இறங்கினால் பேரிங் தளர்ந்திருக்கிறது. லேத்தின் கையேட்டில் சொன்னபடி சரிசெய்யும் நட்டைக் கொஞ்சமாக இறுக்குங்கள். அரை மணி நேரம் ஓட்டிவிட்டுக் கை வைத்துப் பாருங்கள். சூடு கை தாங்காத அளவுக்கு ஏறினால் இறுக்கம் அதிகம்.

இங்கே நிறுத்துங்கள்: இறுக்கியும் ஆட்டம் குறையவில்லை, அல்லது சுற்றும்போது பேரிங்கில் கரகரப்பு கேட்கிறது என்றால் சக் வேலையை மூடி வைத்துவிட்டு மெஷின் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். தளர்ந்த ஸ்பிண்டிலில் டேப்பரைக் கடைந்தால் அந்தத் தளர்ச்சியும் டேப்பரில் பதிந்துவிடும். பேரிங்கை மாற்றிய பிறகு அந்த டேப்பர் எதற்கும் பொருந்தாது.

## அறிகுறி 2: சக் ஸ்பிண்டில் தோளில் ஒட்டி உட்காரவில்லை, அல்லது கழற்றி மாட்டினால் ஆட்டம் மாறுகிறது

மரை வைத்த நோஸில் சக்கை மையத்தில் நிறுத்துவது ரெஜிஸ்டரும் தோளும்தான். மரையின் வேலை இழுத்துப் பிடிப்பது மட்டும். அதனால் மரை சற்று தொளதொளவென்றிருப்பது கோளாறு அல்ல. தோளைத் தொடும்வரை சக் ஆடலாம், தொட்டவுடன் ஆட்டம் நிற்க வேண்டும். மரையைப் பிசிறில்லாமல் இறுக்கமாக வெட்டிவிட்டு, அதுதான் நல்ல பொருத்தம் என்று நினைப்பவர்களின் சக்குகள்தான் அதிகம் ஆடுகின்றன.

சக்கைக் கையால் இறுக்கிய பிறகு, 0.03 மி.மீ. ஃபீலரை ஃபேஸுக்கும் தோளுக்கும் நடுவே சுற்றிலும் விட்டுப் பாருங்கள்.

### 2அ. சுற்றிலும் இடைவெளி

சக் தோளுக்கு வந்து சேரவேயில்லை. எங்கே முட்டுகிறது என்று அறிய ஸ்பிண்டிலின் மூன்று இடத்தில் ப்ளூ தடவுங்கள்: மரையின் முனை, மரை முடிந்து ரெஜிஸ்டர் தொடங்கும் இடம், தோளின் உள்மூலை. மாட்டிக் கழற்றினால் ப்ளூ அழிந்த இடம் சொல்லிவிடும்.

தோளின் மூலையில் அழிந்திருந்தால் அங்கே ஸ்பிண்டிலுக்கு ஒரு வளைவு இருக்கிறது. சக்கின் வாயில் 1 மி.மீ. சாம்ஃபர் (விளிம்புச் சரிவு) போட்டால் போதும். மரை முடியும் இடத்தில் அழிந்திருந்தால் உள்மரையின் முதல் சுற்றைக் குடைந்து எடுத்து வாயை அகலமாக்க வேண்டும். ஸ்பிண்டிலின் மரை தேய்ந்து முடியும் பகுதி அதற்குள் போக இடம் வேண்டுமே. முனையில் அழிந்திருந்தால் துளை ஆழம் பற்றவில்லை. மரையின் உள்முனையில் அகலப் பள்ளம் வெட்டாமல் விட்டிருந்தாலும் இதே கதைதான்.

### 2ஆ. ஒரு பக்கம் மட்டும் இடைவெளி

பிசிறு அல்லது ஃபேஸ் கோணல். நகத்தால் ஃபேஸின் விளிம்பைச் சுற்றித் தடவுங்கள். சிக்கினால் எண்ணெய்க் கல்லால் நீவி எடுங்கள். ஸ்பிண்டில் தோளில் பழைய வெட்டுக்காயம் புடைத்திருந்தால் அதையும் கல்லால் தட்டையாக்குங்கள். அரம் வேண்டாம்.

அப்படியும் ஒரு பக்கம் ஃபீலர் போனால் உள்மரை, ரெஜிஸ்டர், ஃபேஸ் மூன்றையும் ஒரே பிடியில் கடையவில்லை என்று பொருள். நான்கு தாடைச் சக்கில் உடலைப் பிடித்து, ரெஜிஸ்டரின் உள்விட்டத்தின் வாயிலும் ஆழத்திலும் டயல் வைத்து இரண்டும் சுழியாகும்வரை சரிசெய்து, ஃபேஸை மட்டும் 0.05 மி.மீ. சீவுங்கள். பொறுமை தேவைப்படும் வேலை. ரெஜிஸ்டர் குட்டையாக இருப்பதால் ஆழத்து அளவு ஏமாற்றும், பலமுறை பாருங்கள்.

### 2இ. தோளில் நன்றாக ஒட்டுகிறது, ஆனாலும் மாட்டும்தோறும் 0.02, 0.03 என மாறுகிறது

ரெஜிஸ்டரில் இடம் அதிகம். ஸ்பிண்டிலின் விட்டத்தைவிடச் சக்கின் விட்டம் 0.01 முதல் 0.02 மி.மீ. கூடுதலாக இருப்பது சரி. 0.05-க்கு மேல் போனால் சக் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பக்கம் சாயும். இதற்குச் செலவில்லாத முதல் மருந்து: எப்போதும் ஒரே விசையில் முறுக்கி மாட்டுவது, சக்கிலும் ஸ்பிண்டிலிலும் ஒரு கோடு போட்டு அது ஒவ்வொரு முறையும் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. போதவில்லை என்றால் ரெஜிஸ்டரை 4 மி.மீ. பெரிதாகக் குடைந்து, அதில் ஒரு எஃகு வளையத்தை உருளைப் பாகங்களுக்கான பசையால் ஒட்டி, ஒரு நாள் காயவிட்டு மறுபடி சரியான அளவுக்குக் குடையலாம். பசையிட்ட வளையத்தைக் குடையும்போது சூடேற்றாதீர்கள்.

### 2ஈ. பாதி வழியில் இறுகி நிற்கிறது

மரை இறுக்கம். பலவந்தமாக முறுக்கினால் கழற்ற முடியாது. உள்மரையை வெட்டும்போது ஸ்பிண்டில் நோஸை வேறு சக் பிடித்திருக்குமே, பொருத்திப் பார்ப்பது எப்படி? அதனால்தான் முதலில் ஸ்பிண்டில் நோஸின் நகலாக ஒரு எஃகு கேஜ் கடைந்துகொள்ள வேண்டும். மரை, ரெஜிஸ்டர், தோள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். அது இல்லாமல் செய்த சக்தான் பெரும்பாலும் பாதியில் நிற்கும். இப்போதாவது அதைச் செய்து, சக்கை நான்கு தாடையில் மறுபடி மையப்படுத்தி, டூலை மரைக்குள் இறக்கி ஓட்டத்தைப் பிடித்து, ஒரு தடவைக்கு 0.05 மி.மீ.க்கு மேல் எடுக்காமல் வெட்டுங்கள். அங்குல லீட் ஸ்க்ரூ (மரை வெட்ட டூலை நகர்த்தும் திருகு) உள்ள லேத்தில் மெட்ரிக் மரை என்றால் அதைப் பிடிக்கும் ஹாஃப் நட்டைத் திறக்காமல், டூலை வெட்டிலிருந்து விலக்கிவிட்டு, மெஷினைப் பின்னோக்கி ஓட்டியே திரும்புங்கள்.

## அறிகுறி 3: வேலைத் துண்டு வழுக்குகிறது, அல்லது டிரில் போடும்போது உள்ளே போகிறது

எளியவை முதலில். அளவு: ஈஆர் காலெட் தன் பெயரளவிலிருந்து கீழே 1 மி.மீ. வரைதான் சுருங்கும். 12 மி.மீ. காலெட் 12 முதல் 11 வரை பிடிக்கும். 12.1 கம்பியை அதில் நுழைத்தால் காலெட் கெடும். 11.0-ஐ 12 காலெட்டில் பிடிப்பதைவிட 11 காலெட்டில் பிடிப்பது நல்லது. எண்ணெய்: கம்பியிலும் காலெட்டின் உள்ளேயும் துடையுங்கள். ஆனால் நட்டின் மரையிலும் அதன் உள் கூம்பிலும் ஒரு துளி எண்ணெய் இருக்க வேண்டும். அங்கே காய்ந்து கிடந்தால் நீங்கள் ஸ்பேனரில் போடும் விசை உராய்வில் போய்விடும், காலெட்டுக்கு வராது. பேரிங் உள்ள நட் கிடைத்தால் அதைப் போடுங்கள், வித்தியாசம் கையில் தெரியும்.

டிரில் தள்ளுவது மட்டுமே பிரச்சினை என்றால் சக்கின் பின்துளையிலோ ஸ்பிண்டில் துளையிலோ ஒரு ஸ்டாப் வையுங்கள். காலெட்டை இன்னும் இறுக்குவது விடை அல்ல.

பிறகு டேப்பர். 20 மி.மீ. காலெட்டில் 20 மி.மீ. கிரைண்ட் கம்பியைப் போட்டுக்கொள்ளுங்கள். காலி காலெட் பிளவுகளால் ஸ்பிரிங் மாதிரி வளைந்து எங்கேயும் ஒட்டிக்கொள்ளும், ப்ளூ பொய் சொல்லும். காலெட்டின் வெளிப்புறத்தில் நீளவாக்கில் மூன்று கோடு, கை பட்டால் மங்கும் அளவு மெல்லிசாக ப்ளூ தடவி, டேப்பரில் நுழைத்து கால் சுற்று திருகி எடுங்கள்.

- வாயில் மட்டும் அழிந்திருக்கிறது: நாம் கடைந்த கோணம் 8-ஐவிடக் குறைவு.
- ஆழத்தில் மட்டும் அழிந்திருக்கிறது: கோணம் 8-ஐவிட அதிகம்.
- நடுவில் மட்டும், அல்லது இரு முனையில் மட்டும்: கோடு நேராக இல்லை, வளைந்திருக்கிறது.

மூன்றாவது வந்தால் டூல் மைய உயரத்தில் இல்லை என்பதுதான் வழக்கமான பதில். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: இந்த விட்டத்தில் டூல் அரை மில்லிமீட்டர் விலகினாலும் வரும் வளைவு ஒரு மைக்ரானுக்கும் குறைவு. ப்ளூவில் தெரியாது. உண்மையான காரணம் காம்பவுண்ட் ஸ்லைடின் (டூலைக் கோணத்தில் நகர்த்தும் மேல் ஸ்லைடு) கிப் (ஸ்லைடின் தளர்வை எடுக்கும் பட்டை) தளர்ந்திருப்பது, ஸ்லைடு தன் ஓட்டத்தின் முனைக்கு வெளியே தொங்குவது, அல்லது போரிங் பார் வளைவது. கிப்பைச் சற்றே பாரமாக நகரும்வரை இறுக்குங்கள். ஓட்டத்தின் நடுப்பகுதியில் டேப்பர் முழுவதும் அடங்குமாறு சேடிலை (ஸ்லைடுகளைத் தாங்கி நீளவாக்கில் நகரும் பகுதி) வையுங்கள், பிறகு சேடிலைப் பூட்டுங்கள். பாரை அதிகபட்சம் 40 மி.மீ. வெளியே விடுங்கள், துளை அனுமதிக்கும் மிகத் தடித்த பாராக இருக்கட்டும்.

### மறுபடி கடைவது

ஸ்லைடின் டிகிரிக் கோடுகளை நம்பாதீர்கள். ஸ்பிண்டிலில் டெஸ்ட் பார் (துல்லியமான உருளைக் கம்பி) பொருத்தி, டூல் போஸ்டில் டயலை மைய உயரத்தில் படுக்கையாக, பாருக்குச் செங்குத்தாக வையுங்கள். காம்பவுண்டின் தளர்வை ஒரே திசையில் எடுத்துவிட்டு சுழியாக்கி, 25 மி.மீ. நகர்த்துங்கள். டயல் 3.479 மி.மீ. காட்ட வேண்டும் (25 × சைன் 8 டிகிரி). 3.48 போதும். இதில் 0.01 மி.மீ. தவறினால் கோணத்தில் 0.02 டிகிரிக்கு மேல் தவறு. காம்பவுண்ட் போல்ட்டை இறுக்கிய பிறகு இன்னொரு முறை அளங்கள், இறுக்கும்போது நழுவும்.

டெஸ்ட் பாரை எடுத்து சக்கை மாட்டி, கோட்டுக்குக் கோடு நிற்கிறதா பாருங்கள். கூரான டூல், பக்கத்துக்கு 0.05 மி.மீ. வெட்டு, காம்பவுண்டைக் கையால் நிறுத்தாமல் சீராகச் சுற்றுங்கள். பாதியில் நின்றால் ஒரு வளையம் விழும், அதில் காலெட் சிக்கும். கடைசி வெட்டுக்குப் பிறகு அளவை மாற்றாமல் இரண்டு முறை ஓட்டுங்கள். ப்ளூ முழு நீளத்திலும் பரவினால் நிறுத்திவிடுங்கள். எமரி தாளால் பளபளப்பாக்க நினைக்க வேண்டாம், வாய் மட்டும் அகலும்.

இங்கே நிறுத்துங்கள்: சக்கைக் கடினப்படுத்தியிருந்தால், அல்லது 0.005 மி.மீ.க்குள் வேண்டுமென்றால், கிரைண்டிங் பட்டறைக்குக் கொடுங்கள். சக்கை மட்டும் அனுப்பாமல், மேலே சொன்ன நோஸ் கேஜையும் சேர்த்து அனுப்புங்கள். அதில் மாட்டித்தான் அவர்கள் கிரைண்ட் செய்ய முடியும். கேஜே ஆடினால் கிரைண்டிங்குக்குக் கொடுத்த காசு வீண்.

## அறிகுறி 4: நட் சிக்குகிறது, அல்லது பிடிப்பதற்கு முன்பே நின்றுவிடுகிறது

முதல் சுற்றிலேயே சிக்கினால் மரையின் தொடக்கத்தில் பிளேடு மாதிரி மெலிந்த அரைச் சுற்று இருக்கும். அதை அரத்தால் முழுதாக எடுத்துவிடுங்கள். எல்லா இடத்திலும் பாரமாக ஓடினால் வெளிவிட்டத்தை மைக்ரோமீட்டரில் பாருங்கள். எம்40×1.5-க்கு 39.73 முதல் 39.97 வரை. பலர் 40.00-ஐ அப்படியே விட்டுவிடுகிறார்கள். சரியாக இருந்தால் மரையின் பள்ளம் ஆழம் பற்றவில்லை, பக்கத்துக்கு 0.92 மி.மீ. வரை வேண்டும்.

நட் நன்றாக ஓடி, கம்பி இன்னும் தளர்வாக இருக்கும்போதே நின்றால், அதன் உட்தளம் சக்கின் முன் முகத்தில் இடிக்கிறது. முகத்தில் ப்ளூ தடவினால் உறுதியாகும். முகத்தை 0.5 மி.மீ. சீவிப் பாருங்கள். காலெட்டைக் குறைந்த அளவுக் கம்பியில் வைத்துச் சோதியுங்கள், அப்போதுதான் அது அதிகம் உள்ளே போகும். நேர்மாறாக, நட் இரண்டு மூன்று சுற்று மட்டுமே பிடிக்கிறதென்றால் டேப்பர் சிறியது. அப்படியே ஓட்டாதீர்கள், மரை கழன்று துண்டோடு பறக்கும்.

## அறிகுறி 5: காலெட் வெளியே வரவில்லை

8 டிகிரி டேப்பர் தானாகப் பூட்டிக்கொள்ளாது, மோர்ஸ் டேப்பர் மாதிரி அல்ல. நட்டைத் தளர்த்தும்போது அதன் வளையமே காலெட்டை வெளியே இழுக்க வேண்டும். வரவில்லையென்றால் காலெட் வளையத்தில் மாட்டப்படவில்லை. பின்பக்கத்திலிருந்து பித்தளைக் கம்பியால் ஒரு தட்டு தட்டினால் வரும். சரியாக மாட்டியும் சிக்குகிறதென்றால் டேப்பரில் வளையக் கோடு இருக்கிறது.

## அறிகுறி 6: சக் ஸ்பிண்டிலில் இறுகிவிட்டது, அல்லது ஓடும்போது தானாகக் கழல்கிறது

கழல்வது ஆபத்து. மரை நோஸில் பின்னோக்கி ஓட்டி வெட்டக் கூடாது. இன்வெர்ட்டர் வைத்த மோட்டாரில் சட்டென்று நிறுத்தும் பிரேக் அமைப்பும் இதே வேலையைச் செய்யும், நிற்கும் நேரத்தைச் சில விநாடிகளாக நீட்டுங்கள்.

இறுகினால் பேக் கியரை (வேகம் குறைக்கும் பல்சக்கரங்கள்) மாட்டிப் பூட்டி முறுக்காதீர்கள், பல் உடையும். பெல்ட்டைப் பிடித்து, சக் உடலில் இரண்டு தட்டைப் பக்கங்கள் சீவியிருந்தால் அதில் ஸ்பேனர் போட்டு ஒரு சட்டென்ற தட்டு. சீவவில்லை என்றால் கழற்றியவுடன் சீவுங்கள், எதிரெதிரே, உடலின் பின்பாதியில், டேப்பருக்கு மேல் வராத இடத்தில். தோளில் காகித வாஷர் போட்டால் இறுகாது என்பார்கள். மூன்று தாடைச் சக்குக்குச் சரி, இதற்கு வேண்டாம். காகிதம் ஒரு பக்கம் நசுங்கினாலே 1ஆ-வுக்குத் திரும்ப வேண்டியதுதான்.